கை கழுவி முடியாதவர்கள்

"அந்த வீட்டம்மா ரொம்ப சுத்தம்" என்பதை எங்க ஊர்ல பாராட்டாகத்தான் சொல்வார்கள். சின்னாளப்பட்டி நெசவு ஊர், சுங்குடி ஊர். சாயப்பட்டறை வேலை முடிந்து வருகிறவர்களின் நகக்கண்ணில் நீலமும் சிவப்பும் அப்படியே இருக்கும். அப்படிப்பட்ட ஊரில் வாசலைப் பளிச்சென்று வைத்திருக்கிற வீட்டுக்கு ஒரு மரியாதை உண்டு. அந்த மரியாதையில் தப்பு எதுவும் இல்லை. ஆனால் அதே பாராட்டின் மறைவில் ஒரு நோய் பல வருஷம் ஒளிந்திருக்க முடியும். அந்த நோயைப் பற்றியும், அதற்கு உதவி தேடிப் போகிற வழியைப் பற்றியும் நான் படித்துச் சேர்த்த குறிப்புகள்தான் இந்தக் கட்டுரை.

நான் டாக்டர் இல்லை. பி.ஈ. படித்துவிட்டு சாஃப்ட்வேர் வேலை பார்க்கிறவன். என் சொந்தத்தில் ஒரு அத்தைக்கு இந்தப் பிரச்சினை வந்தது. அதனால்தான் தேடிப் படிக்க ஆரம்பித்தேன். மருந்து, அளவு எல்லாம் டாக்டர் சொல்ல வேண்டியது. டாக்டரிடம் போவது வரைக்கும் உள்ள தூரத்தைப் பற்றித்தான் நான் பேச முடியும். பெரும்பாலானவர்கள் அந்தத் தூரத்தில்தான் நின்றுவிடுகிறார்கள்.

நோய் எங்கே ஆரம்பிக்கிறது

ஆங்கில எழுத்துகளைச் சுருக்கி ஓசிடி என்று சொல்கிறார்கள். தமிழில் எண்ணச் சுழற்சி நோய் என்று எழுதுகிறோம். இதற்கு இரண்டு பாகம். ஒன்று எண்ணம்: "கையில் ஏதோ ஒட்டியிருக்கிறது", "அந்தக் கிருமி பிள்ளைக்குப் போய்விடும்". வேண்டாம் என்று தள்ளினாலும் திரும்பத் திரும்ப வரும். இரண்டாவது செயல்: கழுவுவது, குளிப்பது, துடைப்பது, "இது படலையே?" என்று பக்கத்தில் இருப்பவரைக் கேட்டுக்கொண்டே இருப்பது. எண்ணம் பதற்றத்தை ஏற்றும், செயல் அதைக் கொஞ்சம் இறக்கும். இறங்கிய அந்த நிம்மதிதான் வினை. "கழுவினதால்தான் தப்பித்தேன்" என்று மூளை கணக்கு எழுதிக்கொள்கிறது. அடுத்த முறை எண்ணம் இன்னும் சீக்கிரம் வரும், கழுவுவது இன்னும் நீளும்.

ஓசிடி என்றாலே கை கழுவுவது இல்லை. கேஸை மூடினோமா, கதவைப் பூட்டினோமா என்று இருபது முறை பார்ப்பதும் இதே நோய்தான். கண்ட கண்ட எண்ணம் வந்து மனசுக்குள்ளேயே மன்னிப்புக் கேட்டுக்கொண்டிருப்பதும் இதில் சேரும். கழுவும் வகை வெளியில் தெரிகிறது, அவ்வளவுதான். அமெரிக்க மனநல மருத்துவர் சங்கத்தின் 2013 கையேட்டில் உள்ள வரையறை எளிமையானது. எண்ணமும் செயலும் சேர்ந்து தினமும் ஒரு மணி நேரத்துக்கு மேல் தின்றால், அல்லது பெரிய வேதனை தந்தால், அல்லது வேலையையும் குடும்பத்தையும் கெடுத்தால் அது நோய். பெரும்பாலும் பதின்வயதிலோ இருபதுகளிலோ தொடங்கும். பெண்களுக்குக் கர்ப்ப காலத்திலும் பிரசவத்துக்குப் பிறகும் புதிதாக வரலாம், இருப்பது கூடலாம்.

பெங்களூரு நிம்ஹான்ஸ் 2015-16-ல் 12 மாநிலங்களில் தேசிய மனநல ஆய்வு நடத்தியது. தமிழ்நாடும் அதில் ஒன்று. பெரியவர்களில் ஓசிடி இருப்பவர்கள் சுமார் 0.8 சதவீதம் என்று வந்தது. அதாவது பத்தாயிரம் பெரியவர்கள் உள்ள ஊரில் ஏறக்குறைய எண்பது பேர். இதில் எல்லோரும் கழுவுகிறவர்கள் இல்லை. ஆனாலும் எண்பது பேர் என்பது சின்ன எண்ணிக்கை இல்லை. மனச்சோர்வு, பதற்றம் போன்ற பரவலான மனநலக் கோளாறுகள் உள்ளவர்களில் சுமார் 85 சதவீதம் பேர் சிகிச்சைக்கே வரவில்லை என்றும் அதே ஆய்வு சொன்னது.

சாயத் தண்ணீருக்கு ஒரு முடிவு உண்டு

சாயம் போட்ட நூலை அலசும்போது எப்போது நிறுத்துவது என்று யாரும் குழம்புவதில்லை. முதல் தண்ணீர் அடர்த்தியாக வரும், அடுத்தது வெளிறும், பிறகு தெளியும். தண்ணீர் தெளிந்தால் அலசல் முடிந்தது. கண்ணே சொல்லிவிடும்.

ஓசிடி உள்ளவருக்கு இந்தத் தெளிந்த தண்ணீர் வருவதே இல்லை. அவர் கழுவுவது கண்ணுக்குத் தெரியும் அழுக்கை இல்லை. "கொஞ்சம்கூட இல்லை என்று நூறு சதவீதம் நிச்சயமா?" என்ற கேள்வியைத்தான் கழுவிக்கொண்டிருக்கிறார். அந்தக் கேள்விக்கு உலகத்தில் யாரிடமும் பதில் கிடையாது. என் தொழில் பாஷையில் சொன்னால், வெளியே வருவதற்கான நிபந்தனை எழுதப்படாத லூப். கோவிட் சமயத்தில் எல்லோரும் கை கழுவினோம். சோப்பு போட்டுக் கழுவ மொத்தம் 40 முதல் 60 வினாடி என்று உலக சுகாதார நிறுவனம் சொல்லும் முறைக்கு ஆரம்பமும் உண்டு, முடிவும் உண்டு. முடிந்ததும் துடைத்துவிட்டு வேலையைப் பார்க்கலாம்.

இங்கே ஒரு சந்தேகம் வரும். "நம்ம வீடுகளில் மடி, தீட்டு, எச்சில் எல்லாம் இல்லையா? அப்போ பாட்டிகள் எல்லாருக்கும் நோயா?" இல்லை. அந்தப் பழக்கங்கள் சரியா தவறா என்பது தனி விவாதம், குறிப்பாகத் தீட்டு என்ற பெயரில் மனிதர்களை ஒதுக்கியதை யாரும் நியாயப்படுத்த முடியாது. ஆனால் அமைப்பைப் பாருங்கள்: சாவு வீட்டுக்குப் போனால் தலைக்குக் குளி, முடிந்தது. விதிக்கு முடிவு இருக்கிறது. நோய் வந்தவர் குளித்து வெளியே வந்து, துண்டு கதவில் பட்டதோ என்று திரும்பப் போவார். மூன்றாவது முறையும் போவார். வீட்டிலேயே ஆசாரம் அதிகம் பார்க்கும் பெரியவருக்கும் அது மிகையாகத் தெரியும்.

வங்காளிகள் இதற்கு ஒரு சொல்லே வைத்திருக்கிறார்கள்: சுசிபாய். சுத்தப் பைத்தியம் என்கிற மாதிரி. அங்குள்ள மனநல மருத்துவர்கள் இதை ஆராய்ந்து கட்டுரைகள் எழுதியிருக்கிறார்கள். நம்மிடம் அப்படித் தனிச் சொல் இல்லை. "ரொம்ப சுத்தம்" என்ற பாராட்டும், "கிறுக்கு" என்ற வசவும்தான் இருக்கின்றன. நடுவில் நோய்க்கு ஒரு பெயர் இல்லாததால் டாக்டரிடம் போய் எதைச் சொல்வது என்றே தெரிவதில்லை.

தோல் டாக்டர் கேட்ட கேள்வி

அத்தை விஷயத்துக்கு வருகிறேன். பால் பாக்கெட்டை சோப்புப் போட்டுக் கழுவுவார். பஸ்ஸில் கண்டக்டர் தரும் சில்லறையைக் கையில் வாங்க மாட்டார், மாமாதான் வாங்க வேண்டும். வெளியே போய் வந்தவர்கள் பின்பக்கமாக வந்து, உடை மாற்றிவிட்டுத்தான் அடுப்படிக்குள் நுழையலாம். குளியல் இரண்டு மணி நேரம். தெருக் குழாயில் தண்ணீர் தினமும் வராத ஊர், டிரம்மில் பிடித்து வைத்தது ஒரே நாளில் தீர்ந்துவிடும். மாமா ராத்திரியில் விலைக்குத் தண்ணீர் வாங்கி ஊற்றுவார். "என்னத்தா, இன்னும் முடியலையா?" என்று பாத்ரூம் கதவைத் தட்டுவது தினசரி வழக்கம். அத்தைக்கும் தெரியும் இது அதிகம் என்று. "எனக்கே புரியுதுய்யா, ஆனா விட முடியல" என்பார். பாத்ரூமுக்குள் அழுதுகொண்டே குளித்த நாட்கள் உண்டு என்று பின்னால் சொன்னார்.

இரண்டு உள்ளங்கையும் வெடித்து ரத்தம் கசிந்தபோதுதான் ஆஸ்பத்திரிக்குப் போனார்கள், அதுவும் தோல் டாக்டரிடம். களிம்பு, மாத்திரை, சோப்பு மாற்றம் என்று இரண்டு வருஷம் ஓடியது. பிறகு பார்த்த இன்னொரு தோல் டாக்டர் களிம்பு எழுதும் முன் ஒரு கேள்வி கேட்டார்: "ஒரு நாளைக்கு எத்தனை தடவை கை கழுவுறீங்கம்மா?" அத்தை பதில் சொல்லாமல் மாமாவைப் பார்த்தார். மாமா, "எண்ணினது இல்ல சார்" என்றார். அந்த டாக்டர்தான் மனநல மருத்துவருக்குக் கடிதம் எழுதிக் கொடுத்தார். இந்த வகை ஓசிடி உள்ளவர்கள் முதலில் தோல் டாக்டரிடம் போய் நிற்பது உலகம் முழுக்க நடப்பதுதான். கழுவிக் கழுவித் தோலின் எண்ணெய்ப் படலம் போய்விடும், பிறகு வெடிக்கும்.

மனநல மருத்துவர் நோயின் கடுமையை அளக்க யேல்-பிரவுன் அளவுகோலைப் பயன்படுத்தினார். அமெரிக்காவில் வேய்ன் குட்மன் குழுவினர் 1989-ல் வெளியிட்டது. பத்துக் கேள்வி, ஒவ்வொன்றுக்கும் 0 முதல் 4 வரை, மொத்தம் 40. எண்ணத்துக்கு ஐந்து, செயலுக்கு ஐந்து: எவ்வளவு நேரம் போகிறது, எவ்வளவு இடைஞ்சல், எவ்வளவு வேதனை, எவ்வளவு எதிர்த்து நிற்கிறீர்கள், எவ்வளவு கட்டுப்படுத்த முடிகிறது. மதிப்பெண் போடும் இந்தப் பத்தில் ஒன்றுகூட "அந்த இடம் உண்மையிலேயே அழுக்கா?" என்று கேட்கவில்லை என்பதைக் கவனித்தேன். வீட்டுக்குள் நாம் போடும் சண்டை எல்லாம் அந்தக் கேள்வியைச் சுற்றித்தான் நடக்கிறது. "சுத்தமாத்தானே இருக்கு, பாரு!" என்று எத்தனை முறை நிரூபித்தாலும் நோய் அசையாததற்குக் காரணம் அதுதான்.

குழாயை மூடிய லண்டன் ஆஸ்பத்திரி

1960-கள் வரை இந்த நோய்க்கு உருப்படியான சிகிச்சை கிடையாது. 1966-ல் லண்டன் மிடில்செக்ஸ் ஆஸ்பத்திரியில் வேலை பார்த்த உளவியலாளர் விக்டர் மேயர் இரண்டு நோயாளிகளைப் பற்றி ஒரு கட்டுரை வெளியிட்டார். ஒருவர் அழுக்குப் பயத்தில் ஓயாமல் கழுவிய ஆசிரியை. அதுவரை செய்த சிகிச்சைகளில் பலன் காணாதவர். மேயர் அவரை வார்டில் சேர்த்து, அறைக் குழாய்த் தண்ணீரை நிறுத்தி, சோப்பைக் குறைத்து, நர்ஸ்களைப் பக்கத்தில் இருக்க வைத்தார். பயப்படும் பொருட்களைப் படிப்படியாகத் தொட வைத்தார். கழுவவில்லை என்றால் வரும் என்று அவர் நம்பிய விபரீதம் வரவில்லை. அது வரவில்லை என்பதை அவரே அனுபவத்தில் தெரிந்துகொண்டார். 1974-ல் மேயர் குழுவினர் 15 பேரின் முடிவுகளைச் சொன்னார்கள். பத்துப் பேருக்கு மிக நல்ல முன்னேற்றம்.

இதன் வளர்ந்த வடிவத்துக்குத்தான் இன்று ஈஆர்பி என்று பெயர். பயத்தை எதிர்கொண்டு, அதன் பின் செய்யும் சடங்கைத் தடுப்பது. இப்போது பொதுவாகக் குழாயை மூடுவதெல்லாம் இல்லை. நோயாளியும் சிகிச்சையாளரும் சேர்ந்து ஒரு ஏணி போடுவார்கள். அத்தையின் ஏணியில் கீழ்ப்படி: சொந்த வீட்டு வாசல் கதவின் கொண்டியைத் தொட்டுவிட்டுப் பத்து நிமிஷம் கழுவாமல் இருப்பது. நடுப்படி: கழுவாத பால் பாக்கெட்டை ஃபிரிட்ஜில் வைப்பது. மேல்படி: கண்டக்டர் தரும் சில்லறையைக் கையில் வாங்கி, அதே கையால் முறுக்கு சாப்பிடுவது. ஒவ்வொரு படியிலும் பதற்றம் ஏறும். கழுவாமல் உட்கார்ந்திருந்தால் அது தானாகவே இறங்க ஆரம்பிக்கும். பல நாள் செய்யும்போது ஏறும் உயரமும் குறையும். "கழுவாமலும் நிம்மதி வரும்" என்று மூளை புதுக் கணக்கு எழுதுகிறது.

ஒன்றை அழுத்திச் சொல்கிறேன். இது நோயாளி ஒப்புக்கொண்டு செய்யும் பயிற்சி. வீட்டில் இருப்பவர்கள் குழாயை மூடுவதும், வேண்டுமென்றே செருப்பை எடுத்து மேலே வைப்பதும் சிகிச்சை இல்லை, சித்திரவதை.

மாத்திரை பற்றி

ஓசிடிக்கு என்று அமெரிக்காவில் முதன்முதலில் 1989-ல் அனுமதி பெற்ற மருந்து க்ளோமிப்ரமின். இன்று பொதுவாக முதலில் தருவது ஃப்ளூவாக்ஸெட்டின், செர்ட்ரலின், ஃப்ளூவாக்ஸமின், எஸ்சிட்டலோப்ராம் வகைகள். இவை தூக்க மாத்திரைகள் இல்லை, பழக்க அடிமைத்தனம் உண்டாக்குபவையும் இல்லை. நிம்ஹான்ஸ் மருத்துவர்கள் எழுதி இந்திய மனநல மருத்துவர் சங்கம் 2017-ல் வெளியிட்ட சிகிச்சை வழிகாட்டியைப் படித்தேன். அதில் சாமானியர்கள் தெரிந்துகொள்ள வேண்டியவை மூன்று.

முதலாவது, மனச்சோர்வுக்குத் தரும் அளவைவிட ஓசிடிக்குப் பெரும்பாலும் அளவு கூடுதலாகத் தேவைப்படும். "ஏன் இவ்வளவு மாத்திரை?" என்று பயப்பட வேண்டாம். இரண்டாவது, பலன் இருக்கிறதா இல்லையா என்று முடிவு செய்யவே மூன்று மாதம் வரை ஆகும். முதல் இரண்டு வாரத்தில் குமட்டல், தூக்க மாற்றம் மட்டும் தெரியும், பலன் தெரியாது. நிறையப் பேர் நிறுத்துவது சரியாக அந்த இரண்டு வாரத்தில்தான். மூன்றாவது, குணம் தெரிந்த பிறகும் ஒன்றிரண்டு வருஷம் தொடர வேண்டும். திடீரென நிறுத்தினால் நோய் திரும்பும். மாத்திரை, ஈஆர்பி இரண்டுக்கும் நல்ல ஆதாரம் இருக்கிறது. கடுமையாக இருந்தால் இரண்டையும் சேர்த்துத் தருவார்கள்.

வீட்டில் இருப்பவர்களுக்கு

மாமா விலைக்குத் தண்ணீர் வாங்கியது அன்பால்தான். ஆனால் அப்படி வாங்கி ஊற்றுவது, உடை மாற்றிக்கொண்டு உள்ளே வருவது, "ஒண்ணும் படல" என்று நூறு முறை உறுதி சொல்வது எல்லாமே நோய்க்குத் தீனி என்று சிகிச்சையாளர் விளக்கினார். ஆராய்ச்சியாளர்கள் இதைக் குடும்பம் நோய்க்கு இடம் கொடுத்தல் என்கிறார்கள். இதை அளக்கவும் தனி அளவுகோல் உண்டு. இடம் கொடுப்பது கூடக் கூட நோயின் கடுமையும் கூடியே காணப்படுகிறது.

அதற்காக ஒரே நாளில் எல்லாவற்றையும் நிறுத்தக் கூடாது. சிகிச்சை தொடங்கிய பிறகு, நோயாளிக்குச் சொல்லிவிட்டு ஒவ்வொன்றாகக் குறைக்க வேண்டும். "ஒண்ணும் படல" என்பதற்குப் பதிலாக மாமா சொல்லப் பழகியது: "இது அந்த நோய் கேக்குற கேள்வித்தா. நான் பதில் சொல்லல. பக்கத்துல உக்காந்திருக்கேன்." முதல் வாரம் வீட்டில் சண்டைதான். இரண்டாவது மாதம் கேள்விகள் குறைந்தன. இப்போது அத்தையின் குளியல் இருபத்தைந்து நிமிஷம். உள்ளங்கை ஆறிவிட்டது. சில்லறையை வாங்கிவிடுகிறார், முறுக்குப் படி இன்னும் பாக்கி. பேத்தி வந்தால் ஒரு வாரம் பழையபடி கூடும், பிறகு இறங்கும். இந்த நோயில் குணம் என்பது பெரும்பாலும் இப்படித்தான் இருக்கும்.

நம்ம ஊரிலிருந்து எங்கே போவது

மாவட்ட மனநலத் திட்டத்தை 1996-ல் நாட்டில் முதலில் நான்கு மாவட்டங்களில் தொடங்கினார்கள், அதில் திருச்சியும் ஒன்று. இன்று தமிழ்நாட்டின் எல்லா மாவட்டங்களிலும் இருக்கிறது. நமக்குப் பக்கம் திண்டுக்கல் அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனை. மனநலப் புறநோயாளி பிரிவு என்று கேட்டுச் சீட்டு வாங்கலாம். மாத்திரை இலவசம். அடுத்தது மதுரை அரசு ராஜாஜி மருத்துவமனை. எளிதில் அடங்காத நோய் என்றால் பெங்களூரு நிம்ஹான்ஸில் ஓசிடிக்கென்றே தனி கிளினிக் இருக்கிறது. ஈஆர்பி பயிற்சி பெற்ற உளவியலாளர் எல்லா ஊரிலும் கிடைக்க மாட்டார். "ஈஆர்பி செய்வீங்களா?" என்று வெளிப்படையாகக் கேளுங்கள்.

நேரில் போகக் கூச்சமாக இருந்தால் 14416 என்ற எண்ணுக்குக் கூப்பிடலாம். டெலி மானஸ் என்ற மத்திய அரசின் சேவை, 2022 அக்டோபரில் தொடங்கியது. 24 மணி நேரமும் உண்டு, கட்டணம் இல்லை, தமிழில் பேசலாம். என் மாதிரி கம்பெனி இன்ஷூரன்ஸ் வைத்திருப்பவர்களுக்கு இன்னொரு தகவல். 2018 மே 29 முதல் நடைமுறையில் இருக்கும் மனநலப் பராமரிப்புச் சட்டம் 2017-ன்படி, உடல்நோய்க்குத் தருவது போலவே மனநோய்க்கும் காப்பீடு தர வேண்டும்.

போகும் முன் ஒரு வாரம் ஒரு நோட்டில் எழுதுங்கள். ஒரு நாளைக்குக் கழுவும் தடவை, குளிக்கும் நிமிஷம், வாரத்துக்குத் தீரும் சோப்பு, தொடாமல் தவிர்க்கும் பொருட்கள், வீட்டில் மற்றவர்களைச் செய்யச் சொல்லும் வேலைகள். டாக்டர் முன்னால் உட்கார்ந்ததும் வெட்கத்தில் வாய் வராது, பாதியை மறைக்கத் தோன்றும். நோட்டை நீட்டிவிட்டால் போதும். உயிரோடு இருக்கவே பிடிக்கவில்லை என்ற எண்ணம் வந்திருந்தால் அதைத்தான் முதல் வரியில் எழுத வேண்டும், ஒரு வாரம் காத்திருக்காமல் அன்றைக்கே போக வேண்டும்.

அந்த நோட்டில் கடைசியாக இன்னும் ஒரு வரி சேர்க்கச் சொல்வேன்: இந்த நேரம் திரும்பக் கிடைத்தால் என்ன செய்வீர்கள்? அத்தை எழுதியிருந்தது "பேத்திக்குத் தலை பின்னி விடணும்".